அறுந்த கயிறு

பூமியை அளந்த கதை - 7

சென்ற வாரம் வில்லியம் லாம்டனைக் கோயம்புத்தூர்ச் சீமையில் விட்டுவிட்டு வந்தோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமதரையில், 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளந்தார் லாம்டன். 57 நாள் வேலை. தரையில் அளக்க வேண்டியது அந்த ஒரு கோடுதான். அதன் இரு முனையிலும் நின்று தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், குன்றுவரை உள்ள தூரத்தைக் கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை போய்விட்டார். பெங்களூருக்குப் பக்கத்தில் மறுபடியும் சங்கிலியை விரித்துச் சரிபார்த்தபோது, கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்குள்தான். ஏழு மைலில் நாலு அங்குலம்!

பிறகு தெற்கே திரும்பினார். 1806-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னொரு அடிக்கோடு.

இனி 1808. இடம், தஞ்சாவூர்.

* * *

இதுவரை லாம்டனுக்குக் கைகொடுத்தவை மலைகள். கொங்கு நாட்டிலும் மைசூர்ச் சீமையிலும் நாலு காதம் நடந்தால் ஒரு கரடாவது கண்ணில் படும். உச்சியில் கருவியை நிறுத்தி, அடுத்த உச்சியில் கொடியை நட்டு, கோணம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

காவிரிப் படுகையில் அந்த வித்தை பலிக்கவில்லை. எங்கு பார்த்தாலும் வயல், வயல் முடிந்தால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் பனங்கூட்டம். தரையில் நிற்கும் மனிதனுக்கு, மறைப்பு ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில்கூடச் சுமார் மூன்று மைலுக்கு மேல் தெரியாது. பூமியின் வளைவு அதற்கப்பால் உள்ளதை விழுங்கிவிடும். 20, 30 மைலுக்கு ஒரு பக்கம் என்று முக்கோணம் போடுகிறவருக்கு மூன்று மைல் எந்த மூலைக்கு?

ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துக் கங்கைச் சமவெளியில் இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஜார்ஜ் எவரெஸ்ட், வழி நெடுகக் கோபுரங்கள் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவுக் கதை பின்னால் வரும். லாம்டனுக்கு அந்தக் கவலை இல்லை. சோழர்களும் நாயக்கர்களும் அவருக்காகவே கட்டி வைத்ததுபோல ஊருக்கு ஊர் கோபுரங்கள் நின்றன. தோப்புகளுக்கு மேலே தலையைத் தூக்கி நிற்கும் ஒவ்வொரு கோயிலும் அவர் கண்ணுக்கு ஒரு குன்று.

அந்தக் குன்றுகளில் பெரியது தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம். 200 அடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தில் நின்றால் நாலா திசையிலும் ஏறக்குறைய 18 மைல் வரை தரையே தெரியும். எதிர்ப்பக்கமும் ஒரு கோபுரமாக இருந்துவிட்டால் இன்னும் தூரம் போகலாம்.

தஞ்சையில் அப்போது ராஜா இரண்டாம் சரபோஜி. நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய், கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் மிஞ்சிய ராஜா. ஐந்து வருடத்துக்கு முன், 1803-ல், தன் குலத்தின் வரலாறு முழுவதையும் இதே பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டி வைத்திருந்தார். ஐரோப்பிய அறிவியல் கருவிகள்மீதும் புத்தகங்கள்மீதும் தீராத ஆசை உள்ளவர்.

ஆனால் காலம் நல்ல காலமில்லை. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தொப்பிக்கும் தோல் பட்டைக்கும் நெற்றிக் குறிக்கும் ரத்தம் சிந்திய சூடு ஆறாத நேரத்தில், ஒரு வெள்ளைக்காரர் கோயில் விமானத்தின் உச்சிக்குப் பெட்டி ஏற்ற வந்து நின்றார்.

* * *

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உள்ளே இருந்தது பெரிய தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன். கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குப் போய், இது ஆயுதமல்ல, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அவர்களே மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்த கதையை நாலாம் பகுதியில் பார்த்தோம்.

கருவியின் உயிர் அதன் அடிவட்டு. 36 அங்குல விட்டமுள்ள வட்ட விளிம்பு, அதை நடுவோடு இணைக்கும் ஆரக்கால்கள். விளிம்பைச் சுற்றிக் கோடுகள் பொறித்திருப்பார்கள். தொலைநோக்கியை ஒரு கொடியின் பக்கம் திருப்பி, கோடு எங்கே நிற்கிறது என்று நுண்பெருக்கி வழியாகப் படிப்பார்கள். அடுத்த கொடிக்குத் திருப்பி, மறுபடியும் படிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோணம்.

வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்கிறோம். பாகையை அறுபதாக்கினால் கலை. கலையை அறுபதாக்கினால் விகலை. லாம்டனுக்கு வேண்டியது விகலைக் கணக்கு. அந்த 36 அங்குல வட்டில் ஒரு பாகைக்கு இடம் எவ்வளவு தெரியுமா? அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு விகலைக்கு? ஓர் அங்குலத்தைப் பத்தாயிரம் துண்டாக வெட்டினால் கிடைக்கும் துண்டைவிடச் சிறியது. இந்தப் பக்கம் அவ்வளவு சின்னத் தப்பு, 30 மைலுக்கு அந்தப் பக்கம் முக்கால் அடியாக வளர்ந்து நிற்கும்.

ஆகவே அந்த விளிம்பில் நகக்கண் அளவு நெளிவு வந்தாலும் கருவி கருவியல்ல, பழைய பித்தளை.

* * *

பெட்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

கனமான பொருளைக் கப்பியும் வடமும் கொண்டு ஏற்றுகிறவர்கள் இரண்டு வேலை பார்க்க வேண்டும். ஒன்று, மேலே இழுப்பது. இன்னொன்று, சுவரில் மோதாமல் வெளிப்பக்கமாக விலக்கிப் பிடிப்பது. இரண்டாவது வேலைக்குத் தனியாக ஒரு பக்கக் கயிறு உண்டு. விமானம் போன்ற கட்டடத்தில் அந்தக் கயிறு ரொம்ப முக்கியம். அது வழவழப்பான சுவரல்ல. அடுக்கடுக்காக மேலே போகப் போக உள்ளே ஒடுங்குவது. நிலைக்கு நிலை சிற்பங்களும் கூடுகளும் துருத்திக்கொண்டு நிற்கும்.

அறுந்தது அந்தப் பக்கக் கயிறு.

மேலே இழுத்த வடம் தாங்கியது. ஆனால் விலக்கிப் பிடிக்க ஆளில்லாத அரை டன் பெட்டி, ஊஞ்சல்போல ஒரே வீச்சாகச் சுவரை நோக்கிப் போனது. கல்லில் மோதியது.

கருவி பெட்டிக்குள் இருந்ததால் தூள் தூளாகவில்லை. பெட்டியே அடியில் பாதியை வாங்கிக்கொண்டது. ஆனால் மீதி அடி போய் இறங்கிய இடம் மோசமான இடம். வட்டை இம்மி இம்மியாக நகர்த்தும் நுண்திருகும், அதைப் பிடித்திருக்கும் இறுக்கியும் விளிம்பின் ஓரத்தில் இருப்பவை. இடி அவற்றின்மேல் விழ, அவை அதை அப்படியே விளிம்புக்குக் கடத்திவிட்டன.

இறக்கித் திறந்து பார்த்தார்கள். வட்டு வட்டமாக இல்லை. ஆரக்கால்கள் வளைந்திருந்தன.

(விமானத்தின் வடபுறத்தில் தொப்பி வைத்த ஐரோப்பியர்போல ஓர் உருவம் இருப்பதைத் தஞ்சை போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொல்லாத கதையில்லை. இந்த மோதலையும் அதோடு முடிச்சுப் போட்டால் படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். என்னிடம் ஆதாரம் இல்லை, போடவில்லை.)

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்தக் கருவி அங்கே ஏற வேண்டிய அவசியம் என்ன?

லாம்டனின் பெருங்கனவான தெற்கு-வடக்குக் கோடு ஏறக்குறைய 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது. தஞ்சாவூர் அதற்குக் கிழக்கே நூறு மைல் போலத் தள்ளி இருக்கிறது. பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்கத் தஞ்சை விமானம் தேவையே இல்லை.

தேவைப்பட்டது கும்பினிக்கு. சம்பளம் கொடுப்பவர்களுக்கு வேண்டியது பூமியின் சப்பை மூஞ்சியல்ல, நிலப்படம். கடற்கரை எங்கே, எந்த ஊர் எங்கே, எந்த வழியாகப் படை போகலாம். அதற்காகத் தீபகற்பம் முழுவதையும் முக்கோண வலையால் மூட வேண்டியிருந்தது. லாம்டன் தன் விஞ்ஞானத்தை இந்தப் படவேலையின் முதுகில் ஏற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். படத்துக்காகச் செய்த வேலையில் விஞ்ஞானத்தின் கருவி அடிபட்டது.

சின்ன தியோடலைட்டை ஏற்றியிருக்கலாமே என்று இப்போது உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால் வலையின் ஓரத்தில் ஒரு கோணம் தளர்ந்தாலும் அடுத்தடுத்த முக்கோணங்களுக்கு அந்தத் தளர்ச்சி போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். ஓரத்துக்கு ஒரு நேர்மை, நடுவுக்கு ஒரு நேர்மை என்று வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். அதுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. அன்றைக்கு அதுவே அவரைச் சிக்கலிலும் மாட்டிவிட்டது.

சிக்கல் சின்னதல்ல. லண்டனுக்கு எழுதிப் போட்டுப் புதுக்கருவி வரவழைக்கலாம். கப்பல் போக ஆறு மாதம், வர ஆறு மாதம், நடுவில் செய்து முடிக்கும் காலம் தனி. அத்தோடு ஐரோப்பாவில் நெப்போலியன் போர். முதல் கருவிக்கே வழியில் என்ன நடந்தது என்று பார்த்தோம்.

இன்னொரு ஆபத்து சென்னையில் இருந்தது. இந்த வேலையே வீண் என்று நினைத்தவர்கள் அங்கே பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்டன் படம் எதற்கு என்று நிதிக் குழுவில் ஒருவர் கேட்ட கதை பிரசித்தம். கருவி உடைந்தது, வேலை இரண்டு மூன்று வருடம் நிற்கும் என்று அவர்கள் காதில் விழுந்தால், நின்ற வேலை நின்றதுதான். லாம்டன் இப்படி நினைத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதுமில்லை. அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்து நானாக ஊகிக்கிறேன்.

* * *

அவர் ஒரு கூடாரத்துக்குள் போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

பட்டறையின் தலைமை ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. முதலில் கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். திருகுகள், நுண்பெருக்கிகள், தொலைநோக்கி எல்லாம் தனித்தனியாக ஒதுங்கின. நெளிந்த வட்டு மட்டும் நடுவில் கிடந்தது.

சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இனி நடந்தது விளங்கும். கடைக்காரர் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை இறுக்கி ஒன்றைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். அவருக்கு ஒரு வசதி, பிரேக் கட்டை இருக்கிறது. விளிம்பு எங்கே உரசுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். லாம்டனிடம் அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. சரியான வட்டம் எது என்று காட்ட அந்தக் கூடாரத்தில் எதுவுமே இல்லை. ஆகவே முதலில் அதைச் செய்தார்.

பெரிய, தட்டையான ஒரு பலகை. வட்டு நெளிவதற்கு முன் எந்த அளவில் இருந்ததோ, அச்சாக அந்த அளவுக்கு அதில் ஒரு வட்டத்தை வெட்டினார். பிறகு வட்டை அதில் பொருத்தினார். பொருந்தாத இடங்களில் ஆப்புகளைச் செருகி, திருகுகளை வைத்து முடுக்கி, கப்பி போட்டு இழுத்து, உள்ளே போன விளிம்பை வெளியே கொண்டுவந்தார்.

சிறுகச் சிறுக. பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் வளைத்துவிட்டால் பழைய இடத்துக்கே எகிறிப் போகும். கொஞ்சம் அதிகம் வளைத்துவிட்டால் அப்படியே நின்றுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க, எவ்வளவு தாண்டி இழுக்க வேண்டும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். அந்தக் கையறிவு லாம்டனிடம் எவ்வளவு, கூட இருந்தவர்களிடம் எவ்வளவு?

வளைந்த ஆரக்கால்களுக்கு இரும்புச் சுத்தி ஆகாது. தடம் விழுந்துவிடும். மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள்.

ஆறு வாரம் ஆனது.

ஆறு வாரத்துக்குப் பிறகு பலகையில் வெட்டிய வட்டமும் பித்தளை வட்டும் ஒன்றோடொன்று உட்கார்ந்தன. லண்டனில் தேர்ந்த பட்டறையில் செய்த பொருளை, ஒரு கூடாரத்தில், மரப்பலகையை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். லாம்டன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கொட்டாப்புளி பிடித்தவர்கள் ‘தலைமை ஆட்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்து போனார்கள்.

* * *

‘ஏறக்குறைய’ என்றேன். அந்தச் சொல்லில்தான் வில்லங்கம்.

இந்தப் பழுதுபார்ப்பை இவ்வளவு விவரமாக நமக்குச் சொல்பவர் எவரெஸ்ட். அவர் கூடாரத்தில் இருந்தவரல்ல. லாம்டனிடம் வேலைக்குச் சேர்ந்ததே 1818-ல்தான். தன் நூலை வெளியிட்டது 1830-ல். கேள்விப்பட்டதை எழுதுகிறார். யாரையும் எளிதில் புகழாதவர், தனக்கு முன்னால் செய்த வேலையில் குறை காண்பதென்றால் முதல் ஆளாக வருபவர் என்பதால், லாம்டனின் பொறுமையைப் பற்றி அவர் சொல்வதை நான் நம்புகிறேன். கருவியின் துல்லியத்துக்கு அது சாட்சி ஆகாது.

வட்டம் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது என்று கண் சொல்லலாம், பலகை சொல்லலாம். பலகையில் வெட்டிய கோடு அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை சரியாக இருக்குமா? எந்தத் தச்சரும் அப்படிச் சத்தியம் செய்ய மாட்டார். வளைத்து நிமிர்த்திய விளிம்பில், பொறித்த கோடுகள் ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் போயிருக்கலாம்.

வட்டுக்கு எதிரெதிராக நுண்பெருக்கிகளைப் பொருத்தி இரண்டு பக்கமும் படித்துச் சராசரி எடுத்தால், சில தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சில போகாது.

இன்னொரு சோதனை உண்டு. முக்கோணத்தின் மூன்று மூலையிலும் நின்று மூன்று கோணத்தையும் அளந்து கூட்டுவது. தாளில் போட்ட முக்கோணம் என்றால் 180 பாகை வர வேண்டும். பூமியின் வளைந்த முதுகில் போட்டால் ஒரு துளி கூடுதலாக வரும். ஏறக்குறைய 75 சதுர மைலுக்கு ஒரு விகலை. பக்கத்துக்கு 30 மைல் உள்ள முக்கோணத்தில் ஐந்து விகலை. அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தால் கருவியின் யோக்கியதை ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான். ஒரு கோணத்தில் கூடினது இன்னொன்றில் குறைந்துவிட்டால், கூட்டுத்தொகை ஒன்றும் தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொள்ளும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத தீர்ப்பைத் தருவது சங்கிலி மட்டுமே. தெற்கே போய், புதிதாக ஒரு கோட்டைத் தரையில் அளந்து, முக்கோணங்கள் சொல்லும் நீளத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க வேண்டும். 1809-ல் அதற்கு லாம்டன் தேர்ந்தெடுத்த இடம் பாளையங்கோட்டை.

போகும் வழியும் சாதாரண வழியல்ல. அந்த வருடம் பிறந்தபோது மேற்கே திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராகப் படை திரட்டியிருந்தார்.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி பழைய நோட்டுப்புத்தகத்தில் காத்திருந்தது. தஞ்சை விபத்துக்கு முன்பே, கருவி முழுசாக இருந்தபோதே, பெங்களூர்ப் பக்கத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்த அளவு, தரையில் எடுத்த அளவோடு முறைத்துக்கொண்டிருந்தது. தூக்குக்குண்டே அங்கே நேராகத் தொங்கவில்லையோ என்று லாம்டனுக்கு ஒரு சந்தேகம். பூமிக்குள்ளே கனமான ஏதோ ஒன்று குண்டைத் தன் பக்கம் இழுக்கிறதோ?

இனிமேல் ஒரு கணக்கு உதைத்தால், அவர் யாரைச் சந்தேகிப்பது? கொட்டாப்புளியால் நிமிர்த்திய வட்டையா, காலடியில் இருக்கும் பூமியையா?

(அடுத்த வாரம்: பாளையங்கோட்டை)